ஆறு டஜன் வளையலோடு பதுளைக்கு

கொழும்பு விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே பிரசவ லேகியம், அதற்குக் கீழே கருவேப்பிலைப் பொடி, அதற்கும் கீழே என் வீட்டுக்காரரின் பழைய வேட்டிகளில் சுற்றிய ஆறு டஜன் கண்ணாடி வளையல். விற்கவா என்று அதிகாரி சைகையில் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினேன். அறுபது வயசுக்காரி இப்படிக் காட்டினால் மனுஷன் என்னதான் நினைப்பார்? முழித்தார். பக்கத்து மேசையிலிருந்த பெண் அதிகாரிதான் எழுந்து வந்து, "துவ?" என்றாள். மகளா என்று கேட்கிறாள் என்பது எப்படியோ புரிந்துவிட்டது. தலையாட்டினேன். அவளே வேட்டியைத் திரும்பச் சுற்றி, பெட்டியை மூடிக் கொடுத்தாள்.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை, மகளைக் கூட்டி வர. நித்யா எனக்கு ஒரே பெண். பதுளையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம் ஆகிறது. இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் எங்கள் துறையூரில் பேச்சுக்கே இடமில்லை. அவளோ மூன்று மாதமாகப் போனில் மழுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள், "இங்கயே ஆஸ்பத்திரி நல்லா இருக்கும்மா." இன்னொரு நாள், "கடையில ஆள் இல்லம்மா." முப்பது வருஷமாகப் பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள் நான். துணி எங்கோ இழுக்கிறது என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். எங்கே இழுக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். வளைகாப்பை அவள் புகுந்த வீட்டிலேயே நடத்திவிடுவது. கையில் வளையல் ஏறிவிட்டால் பெண் அன்றைக்கே அம்மாவோடு கிளம்பியாக வேண்டும், பிள்ளை பிறக்கும்வரை புருஷன் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது. அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? திரும்பி வர இரண்டு டிக்கெட்டாகவே போட்டுவிட்டேன். "அவளக் கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். "நீங்க பஸ்ல இருக்கறவங்க எல்லாரையும் கேட்டுட்டா விசில் ஊதுனீங்க?" என்றேன். அதோடு பேப்பருக்குள் போய்விட்டார்.

மாப்பிள்ளை சிவகுமார் வேன் கொண்டுவந்து அழைத்துப் போனார். தங்கமான பிள்ளை, ஆனால் அந்தப் பாதைக்கு அவர் என்ன செய்வார்? எட்டு மணி நேரம், வளைவுக்கு வளைவு. வழியில் ஒரு கடையில் முக்கோணமாக ஒரு பன் வாங்கித் தந்தார். எங்கள் ஊர் பன்னைப்போல இனிப்பாக இருக்கும் என்று கடித்தால் உள்ளே காரமாக மீன். பசிக்கு அமிர்தமாக இருந்தது. அடுத்த பத்து வளைவுக்குள் அது வெளியே வந்துவிட்டது. இந்தப் பாதையில் ஏழு மாத வயிற்றை எப்படி இறக்குவது என்ற யோசனை எனக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெதுவாக ஓட்டச் சொன்னால் ஆச்சு என்று நினைத்துக்கொண்டேன். பிடிவாதம் பிடித்தவளுக்கு மண்டையில் வேறு என்ன ஏறும்?

பதுளையில் நித்யா வாசலில் நின்றாள். முகம் பூரித்திருந்தது, கால் வீங்கியிருந்தது. கட்டிக்கொள்ளும்போது வயிறு நடுவில் வந்து இடித்தது, இரண்டு பேரும் சிரித்தோம். மலைநாடு என்று பயந்து இரண்டு ஸ்வெட்டர் கொண்டுபோயிருந்தேன். பதுளையோ பள்ளத்தில் இருக்கிற ஊர், எனக்கு வியர்த்துக் கொட்டியது.

இரண்டாம் நாள் காலை, தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள், வளைகாப்பு வைத்துவிடலாம், சனிக்கிழமை விமானம். சம்மந்தி அம்மாவுக்கு இடுப்பு வலி, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. பேச்சும் குறைவு. "செய்ங்க" என்றார். இவ்வளவு லேசாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நித்யாவின் முகம்தான் சுருங்கிப்போனது.

"எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?"

"அவசரமா? ஏழு மாசம் ஆச்சுடி!"

சம்மந்தி தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "பூனாகலைப் புஷ்பத்த நீங்க நேர்ல போய் வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணும். அவ வராம இது நடக்கக் கூடாது."

யார் அந்தப் புஷ்பம் என்று கேட்டேன். கடையில் வேலை பார்க்கும் தர்ஷினியின் அம்மாவாம், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவராம். நித்யா குறுக்கே விழுந்தாள். "போன் பண்ணாப் போதும்மா. நீ எதுக்கு அவ்ளோ தூரம் அலையற?" போகாதே என்று யாராவது சொன்னால் என் கால் தானாக நடக்கும், அது பிறவிக் கோளாறு. நாளைக்கே போகிறேன் என்றேன்.

மறுநாள் போயா. பௌர்ணமி என்றால் இங்கே ஊருக்கே விடுமுறை, கடையும் மூடல். தர்ஷினி வழித்துணைக்கு வந்தாள். இருபத்தேழு வயசு, வெடுக்கென்று பேசுகிற பெண். வாரம் முழுக்கப் பதுளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். பண்டாரவளை வரைக்கும் ரயில். கதவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்து வெளியே தொங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்தன. இதுகளைப் பெற்றவள் பார்த்தால் என்ன ஆவாள் என்று நான் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எதிர் இருக்கையில் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாவும் மகளும், பன்சலைக்கு, அதாவது புத்தர் கோயிலுக்குப் போகிறவர்கள். அம்மாவுக்கு எண்பது இருக்கும், மகளுக்கு ஐம்பதுக்கு மேல். கிழவி தோடம்பழத்தை, நம் ஊர் ஆரஞ்சுதான், உரித்து, சுளை சுளையாக மகள் கையில் திணித்துக்கொண்டே ஏதோ திட்டினார். மகளும் பதிலுக்கு விடவில்லை. "என்ன சொல்றாங்க?" என்று தர்ஷினியின் காதைக் கடித்தேன்.

"சால்வையப் போத்து, சளி புடிக்கும்னு அம்மா சொல்றாங்க. எனக்கே பேரப்புள்ள இருக்கு, என்னை விடும்மான்னு மக சொல்றாங்க. நீ பேரன் எடுத்தா எனக்கென்ன, சளி உனக்குத்தான புடிக்கும்ங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிழவி என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு சுளை வந்தது.

பண்டாரவளையில் இறங்கினால் பல் தந்தி அடிக்கிறது. ஸ்வெட்டர் இரண்டும் பதுளையில் பத்திரமாக இருந்தன. பூனாகலை பஸ் ஏறி, பாதித் தூரத்துக்குமேல் போனதும் பஸ் டயர் பஞ்சர். டிரைவர் அலட்டிக்கொள்ளவே இல்லை, ஒரு பீடியைப் பற்றவைத்தார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் சண்டைக்குப் போயிருப்போம். இங்கே பெண்கள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கி நடந்தார்கள். நானும் வெற்றிலைத் தட்டைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் தேயிலை. யாரோ கத்தரிக்கோல் வைத்து ஒரே மட்டமாக வெட்டியதுபோல இருந்தது, அந்த நேர்த்தி என் தையல் கண்ணுக்குப் பிடித்துப்போயிற்று.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் புஷ்பம் காத்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும், ஒல்லி உடம்பு, உரத்த குரல். என்னை வரவேற்பதற்கு முன்பே மகளுக்கு அர்ச்சனை. "என்னாடி இது, போன மாசத்துக்கு இந்த மாசம் பாதியா வந்து நிக்கிற? அங்க சோறு போடுறாங்களா இல்லியா?" பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்கக்கா, வாங்க. ஐயோ, நடுங்குறீங்களே!" என்று தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார்.

சாயத்தண்ணி வந்தது. பால் இல்லாத தேநீர், கையில் ஒரு துண்டு கருப்பட்டி. உலகத்துக்கே தேயிலை அனுப்புகிறவர்கள் வீட்டில் மட்டமான தூளைத்தான் குடிக்கிறார்கள், ஆனாலும் அந்தக் குளிருக்கு அதுபோல ஒன்றை நான் குடித்ததில்லை. புஷ்பம் மகளைத் தரையில் உட்கார வைத்து, தலைக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். "விடும்மா, ஆள் வந்திருக்காங்கல்ல" என்று தர்ஷினி திமிறினாள். "ஆள் வந்தா தல காஞ்சு கெடக்கணுமா?" என்றார் புஷ்பம். கை நிற்கவில்லை.

வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டேன். கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைக்குத் தோட்டத்துப் பெரட்டுல லீவு சொல்லிட்டு வெள்ளனவே வந்துர்றேங்க்கா. நீங்க வந்தது பெரிய நிம்மதி. போன தடவ மாதிரி ஆயிறக் கூடாதுன்னு நான் வேண்டாத சாமி இல்ல."

தர்ஷினி அம்மாவின் முழங்காலில் இடித்தாள். புஷ்பம் கவனிக்கவில்லை.

"அந்தப் பத்து நாளும் நித்யா புள்ள என் மடியிலதான் கெடந்துச்சு. அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு இடுப்பு முடியல, தர்ஷினி வந்து என்னயக் கூட்டிட்டுப் போனா. ரெண்டர மாசத்துக் கரு, போயிருச்சு, என்னா செய்றது? ஒரே அம்மா அம்மான்னு அழுக. நான் இந்தா இருக்கேன்டின்னு சொன்னா, நீங்க இல்ல, எங்கம்மான்னு சொல்லிச் சொல்லி அழுவும்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எண்ணெய்க் கை அப்படியே நின்றுவிட்டது. "அக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. என் வயிற்றில் பிறந்தவளுக்கு நடந்தது எனக்குத் தெரியாது. முதலில் கோபம் வந்தது, பிறகு அசிங்கமாக இருந்தது, அதற்கும் பிறகு, பொய் சொல்வானேன், பொறாமையாக இருந்தது. நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பெண் இருந்திருக்கிறாள். இத்தனைக்கும் அவள் கம்பளிச் சட்டைதான் என் மேலே. எழுந்து போய் அந்த எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வருகிற வழியில் தர்ஷினிதான் மெல்லச் சொன்னாள். "நித்யாக்கா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க." அப்படியானால் சம்மந்தி சத்தியத்தையும் காப்பாற்றி, எனக்கும் தெரியவைத்துவிட்டார். பேச்சுக் குறைந்தவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பதுளை வீட்டில் நித்யா பின்பக்கம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கைகால்கூடக் கழுவவில்லை.

"ஏண்டி, எனக்கு ஏன் சொல்லல?"

எதை என்று அவள் கேட்கவில்லை. துண்டை மடித்துக்கொண்டே, "போன வருஷம் ஆடி மாசம் உனக்கு என்ன உடம்புக்கு?" என்றாள்.

"காய்ச்சல்."

"பித்தப்பை ஆபரேஷன். அப்பா போன்ல உளறிட்டாரு. தையல் போட்டு ஒம்பது நாள் ஆனவகிட்ட நான் என்னத்தச் சொல்ல? சொல்லியிருந்தா வயித்தப் புடிச்சுக்கிட்டு இந்த வளைவு அத்தனையும் ஏறி வந்திருப்ப. வந்திருக்க மாட்டியா?"

வந்திருப்பேன்.

"நீ மட்டும் எனக்குச் சொன்னியா?" என்றாள்.

அந்த மாதம் முழுக்க நாங்கள் தினமும் வீடியோ காலில் பேசினோம். நான் படுக்கையில் சாய்ந்து முகத்தை மட்டும் காட்டினேன். அவளும் முகத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறாள். இரண்டு பேரும் பல்லைக் காட்டிச் சிரித்தோம். மழை உண்டா, மாங்காய் காய்த்ததா என்று பேசிவிட்டு வைத்தோம். அதை நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். அவளும் அழுதாள். ஈரத் துணியில் இரண்டு பேரும் முகம் துடைத்துக்கொண்டோம்.

டாக்டர் அவளை வளைவுப் பாதையில் நெடுந்தூரம் போகவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னால் ஏன் என்று நான் கேட்பேன், கேட்டால் எல்லாம் வெளியே வரும். அதுதான் மூன்று மாத மழுப்பல். "டிக்கெட் கெடக்கட்டும் விடு" என்றேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, நான் வர நாலு மாதம் ஆகும் என்றேன். "அப்ப சாப்பாடு?" என்றார். அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று போனிலேயே பாடம் நடத்தினேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், நாலாம் நாள் காலை சம்மந்தி வாயைத் திறந்தார். ஊரைக் கூப்பிட்டாயிற்று, வளைகாப்பை நிறுத்த முடியாது. வளையல் போட்டால் நித்யா இந்த வீட்டில் இருக்க முடியாது. "அம்மா வீட்டுக்குத்தான் நான் அனுப்புவேன். அந்த முறைய நான் மாத்த மாட்டேன்."

நான் விரித்த வலையில் நானே மாட்டிக்கொண்டேன். "அம்மா இருக்குற வீடு அம்மா வீடுதானங்க? நான் இங்க இருக்கேன்ல" என்று ஒரு பிட்டைப் போட்டுப் பார்த்தேன்.

"நீங்க இருக்குறது என் வீடு. ஒங்க கையால ஒங்க அடுப்பு எரியணும், அதுதான் அம்மா வீடு" என்றார். மாப்பிள்ளை என்னமோ சொல்ல வந்து, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினார்.

வந்தது ரோஷம். இரண்டு நாளில் பதுளையில் எனக்கு ஒரு வீடு வேண்டும். படி ஏறக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கம், தண்ணீர் வர வேண்டும். தர்ஷினியும் நானும் த்ரீவீலர் என்கிற ஆட்டோவில் ஏறி இறங்காத தெரு இல்லை. முதல் வீட்டில் ஐம்பது படி. இரண்டாவது வீட்டில் நாய். மூன்றாவதில், எத்தனை பேர் என்று கேட்டார்கள், இரண்டு பேர், சீக்கிரம் மூன்று பேர் என்றதும் கதவு பாதி மூடிவிட்டது. மலைமேல் ஏறும்போது த்ரீவீலரின் கிளட்ச் கேபிள் அறுந்து, நாங்களும் சேர்ந்து தள்ளினோம். கடைசியில் தர்ஷினி தங்கியிருந்த வீட்டின் பின் கட்டே காலியாக இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. வீட்டுக்காரம்மா சிங்களத்தில் கேட்டதைத் தர்ஷினி தமிழில் சொன்னாள். "இந்தியாவுல வீடு இருக்குறப்ப இங்க எதுக்கு வீடுன்னு கேக்குறாங்க." நடந்ததையெல்லாம் சொல்லு என்றேன். தர்ஷினி சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் இளகியது. சாவியோடு ஒரு கேஸ் அடுப்பையும் தந்தார். விசா நீட்டுகிற வேலையை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை புஷ்பம் சொன்னபடி வந்துவிட்டார். நித்யாவை மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, முதல் வளையலை நான் எடுத்தேன். ஏறவில்லை. அழுத்தினேன், உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கூடியிருந்தவர்கள் "ஐயையோ" என்றார்கள். அளவு எடுத்துப் பிழைக்கிறவள் நான். என்னிடம் இருந்த என் மகளின் கை அளவு கல்யாணத்துக்கு முந்தையது. கூனிக் குறுகிப் போனேன்.

"திருஷ்டி கழிஞ்சுது, போடுங்க" என்றார் சம்மந்தி உரக்க. புஷ்பம் எங்கிருந்தோ மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து நித்யாவின் கையில் உறைபோல மாட்டி, கட்டைவிரல் மேட்டை மெதுவாக மடக்கிப் பிடித்தார். "இப்ப நீங்க ஏத்துங்கக்கா, வழுக்கிட்டுப் போயிரும்." போயிற்று. அடுத்தது, அதற்கடுத்தது. அவர் பிடிக்கப் பிடிக்க நான் ஏற்றினேன். இரண்டு கையும் நிறைந்ததும் மீதி வளையல்களை வந்த பெண்கள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள், புஷ்பமும் தர்ஷினியும் ஒருத்திக்கொருத்தி மாட்டிவிட்டார்கள். ஏழு வகைச் சாதம் பரிமாறினோம். நித்யா எல்லாவற்றிலும் கொஞ்சம் சாப்பிட்டாள்.

பிறகு அவள் எழுந்து, போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள். அதுதான் முறை. சம்மந்தி தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். த்ரீவீலரில் ஏழு நிமிஷம். பிள்ளைத்தாய்ச்சி என்று ஓட்டுநர் எறும்புபோல ஊர்ந்து போனார். புஷ்பம் முன்னாலேயே போய் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். நித்யா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள்.

வீட்டில் ஒரு பாய், இரண்டு பாத்திரம், ஓர் அடுப்பு. அவள் பாயில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து, இரண்டு கை வளையலும் சலசலக்க வயிற்றைத் தடவிக்கொண்டாள். நான் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, பசிக்குதும்மா."

ஏழு வகைச் சாதம் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஆறு வருஷமாக, எப்போது கேட்டாலும் "சாப்டேம்மா" என்று மட்டுமே போனில் கேட்ட காது இது. திரும்பிப் பார்த்தால் எங்கே அழுதுவிடுவேனோ என்று நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.